சத்தத்தைக் கழிக்கும் இரண்டு துளைகள்

"மகளுக்கு ஏழு வயது. கொக்ளியர் இம்பிளான்ட் வைத்து நாலு வருசம். குசினிக்குள் நின்று மெதுவாகக் கூப்பிட்டாலும் திரும்பிப் பார்ப்பாள். வகுப்பில் ரீச்சர் சொல்வது பாதிதான் விளங்குகிறதாம். வற்றாப்பளை அம்மன் கோயில் பொங்கலுக்குக் கூட்டிக்கொண்டு போனால் மெசினைக் கழற்றிக் கையில் தந்துவிடுகிறாள். வொலியூமைக் கூட்டிப் பார்த்தோம், இன்னும் மோசம். நாலு புரோகிராம் இருக்கிறது. எதை எங்கே போடுவது?"

முல்லைத்தீவிலிருந்து வந்த கேள்வி. வொலியூமைக் கூட்டியது ஏன் உதவவில்லை என்பதிலிருந்தே தொடங்கலாம். அது விளங்கினால் புரோகிராம் (இடத்துக்கேற்ற மெசின் அமைப்பு) தெரிவு பாதி முடிந்த மாதிரி.

உட்காதின் நத்தைச்சுருளைப் பள்ளிக்கூடத்தில் படித்திருப்பீர்கள். இரண்டரைச் சுற்று, விரித்தால் சுமார் 35 மில்லிமீற்றர். அடியில் கீச்சுச் சத்தம், உச்சியில் கனத்த சத்தம் என்று இடம் பிரித்து வைத்திருக்கிறது. சத்தத்தை நரம்புக்கு மாற்றித்தரும் மயிர்க்கலங்கள் பழுதான காதில், உள்ளே வைத்த இம்பிளான்டின் மின்வாய்கள் அந்தந்த இடத்து நரம்பை நேரே தட்டுகின்றன. கொக்ளியர் நிறுவனத்தின் கருவியில் 22 மின்வாய்கள், அட்வான்ஸ்ட் பயோனிக்ஸில் 16, மெட்-எல்லில் 12. ஆயிரக்கணக்கான மயிர்க்கலங்கள் செய்த வேலையை இந்தச் சிலவற்றால் செய்ய வேண்டியிருக்கிறது.

அதைவிடப் பெரிய நெருக்கடி அகலத்தில் இருக்கிறது. நல்ல காது, மிக மெல்லிய சத்தத்திலிருந்து வலியெடுக்கும் சத்தம்வரை ஏறத்தாழ 120 டெசிபெல் அகலத்தைக் கையாளும். நரம்பை மின்சாரத்தால் தட்டும்போது அது 10 முதல் 20 டெசிபெல்லாகச் சுருங்கிவிடுகிறது. "இப்பதான் கேட்குது" என்பதற்கும் "இதுக்கு மேல வேண்டாம்" என்பதற்கும் இடையில் அவ்வளவுதான் இடம். மெசினைப் பிள்ளைக்கு ஏற்றபடி அமைக்கும் மப்பிங்கின்போது, ஓடியோலொஜிஸ்ட் (கேட்டல் நிபுணர்) ஒவ்வொரு மின்வாய்க்கும் இந்தக் கீழ் எல்லையையும் மேல் எல்லையையும் பிடிக்கிறார். வெளியே மாட்டும் மெசின் வெளிச் சத்தத்தில் ஒரு துண்டை எடுத்து இந்த இடுக்குக்குள் அடைக்கிறது. ஒரு வகை மெசினில் வழக்கமான துண்டு 25 டெசிபெல்லில் தொடங்கி 65இல் முடியும். ஒரு மீற்றர் தூரத்தில் ஒருவர் சாதாரணமாகக் கதைத்தால் 60 முதல் 65 டெசிபெல்வரை வரும். அமைதியான வீட்டில் பேச்சு அந்தத் துண்டுக்குள் வசதியாக அமர்ந்துவிடும்.

வொலியூம் என்பது மப்பிங்கில் பிடித்த மின்சார மேல் எல்லையோடு விளையாடும் பொத்தான். கூட்டினால், உள்ளே வந்தது எதுவானாலும் கூடிய மின்சாரத்தோடு நரம்புக்குப் போகும். பேச்சும் போகும், மேளமும் போகும். சென்சிற்றிவிற்றி வேறு. எவ்வளவு மெல்லிய, எவ்வளவு தூரத்துச் சத்தம்வரை ஒலிவாங்கி உள்ளே எடுக்க வேண்டும் என்பதை அது தீர்மானிக்கிறது. மேலே சொன்ன வகை மெசினில் வொலியூம் 0 முதல் 10வரை, வழக்கமாக 6இல் நிற்கும். சென்சிற்றிவிற்றி 0 முதல் 20வரை, வழக்கமாக 12இல் நிற்கும். சனக்கூட்டத்தில் வொலியூமைத் தொடாமல் சென்சிற்றிவிற்றியை 12இலிருந்து 9க்கு இறக்கினால் தூரத்து இரைச்சல் பின்வாங்கும், பக்கத்தில் நிற்கும் அம்மாவின் குரல் மிஞ்சும். சில மெசின்களில் இந்தப் பொத்தானைப் பெற்றோருக்குத் திறந்துவிட்டிருக்க மாட்டார்கள். அப்படியானால் ஓடியோலொஜிஸ்டிடம் கேட்டுத் திறக்கலாம், அல்லது இரைச்சல் கூடும்போது தானே சென்சிற்றிவிற்றியை இறக்கும் வசதியை ஒரு புரோகிராமில் போட்டுத்தரச் சொல்லலாம்.

துண்டின் மேல் எல்லையைச் சத்தம் தாண்டினால் மெசின் எல்லாவற்றையும் சேர்த்து அமுக்கிவிடும். பேச்சின் ஏற்ற இறக்கங்கள் மட்டமாகிவிடுகின்றன. இம்பிளான்ட் நரம்புக்குக் கொடுப்பதே அந்த ஏற்ற இறக்கத்தைத்தான் என்பதால் இது பெரிய இழப்பு. 22 மின்வாய் மெசினில் வழக்கமாக எல்லா மின்வாய்களும் ஒரே சுற்றில் தட்டுவதுமில்லை. அந்தக் கணத்தில் சக்தி கூடிய 8 அதிர்வெண் பட்டைகளை மட்டும் தெரிந்தெடுத்து, செக்கனுக்குச் சுமார் 900 முறை தட்டுகிறது. வேலிக்கு அப்பால் ஒரு லாண்ட்மாஸ்டர் உழவு இயந்திரம் ஓடினால் அந்த 8 இடங்களில் சிலவற்றை அது பிடித்துக்கொள்ளும். "பத்து" என்பதற்கும் "பட்டு" என்பதற்கும் உள்ள வித்தியாசம், நாக்கு பல்லில் தொடுகிறதா அண்ணத்தில் தொடுகிறதா என்பதைக் காட்டும் சில பத்து மில்லிசெக்கன் நெளிவு. முதலில் அடிபட்டுப் போவது அதுதான். நல்ல கேட்கும் திறன் உள்ளவர் இரைச்சல் பேச்சைவிடச் சற்றுக் கூடியிருந்தாலும் சமாளிப்பார். இம்பிளான்ட் பாவிக்கும் பிள்ளைக்கு வகுப்பறையில் பேச்சு இரைச்சலைவிட 15 டெசிபெல் மேலே நிற்க வேண்டும் என்பது இந்தத் துறையினர் பரவலாக ஏற்றுக்கொண்ட அளவு.

ஆகவே இரைச்சலைக் கழிக்க வேண்டும். கழிப்பது எப்படி என்பதில்தான் இந்தக் கருவியின் அழகு இருக்கிறது.

மெசினை உற்றுப் பார்த்தால் இரண்டு சின்னத் துளைகள் தெரியும், முன்னுக்கு ஒன்று, பின்னுக்கு ஒன்று. ஒவ்வொன்றுக்கும் கீழே ஓர் ஒலிவாங்கி. இடைத்தூரம் ஏறத்தாழ ஒரு சென்ரிமீற்றர் என்று வைத்துக்கொள்வோம். வன்னி வெயிலில் ஒலி செக்கனுக்கு 350 மீற்றர் போகும், ஆக அந்த ஒரு சென்ரிமீற்றரைக் கடக்க 29 மைக்ரோசெக்கன் எடுக்கிறது. பிள்ளைக்குப் பின்னால் ஸ்பீக்கர் அலறுகிறது. அந்தச் சத்தம் பின் துளையை முதலில் தொட்டு, 29 மைக்ரோசெக்கன் கழித்து முன் துளையைத் தொடும். இப்போது மெசின், பின் துளைக்கு வந்ததை 29 மைக்ரோசெக்கன் தடுத்து வைத்திருந்துவிட்டு, முன் துளைக்கு வந்ததிலிருந்து கழிக்கிறது. இரண்டும் அச்சொட்டாக ஒன்று. ஒன்றிலிருந்து ஒன்று போனால் பூச்சியம். ஸ்பீக்கர் மறைந்துவிடுகிறது.

முன்னால் நின்று கதைக்கும் ரீச்சரின் குரலுக்கு என்ன நடக்கிறது? அது முன் துளையை முதலில் தொடுகிறது. பின் துளைக்கு 29 மைக்ரோசெக்கன் பிந்திப் போய், அங்கே இன்னொரு 29 தடுத்து வைக்கப்படுகிறது. மொத்தம் 58 பிந்திய நகலை முதல் நகலிலிருந்து கழித்தால் பூச்சியம் வராது, குரல் மிஞ்சும். அவ்வளவுதான் சூத்திரம்: ஒரு தாமதம், ஒரு கழித்தல். தாமதத்தைக் கொஞ்சம் மாற்றினால் பூச்சியம் விழும் திசை நேர் பின்னிலிருந்து பக்கவாட்டுக்கு நகரும். புதிய மெசின்கள் இரைச்சல் எந்தப் பக்கம் என்று பார்த்து அந்தப் பூச்சியத்தைத் தாமே நகர்த்துகின்றன.

இதே சூத்திரம்தான் இது எங்கே பிழைக்கும் என்பதையும் சொல்கிறது. கனத்த சத்தத்துக்கு 58 மைக்ரோசெக்கன் ஒரு பொருட்டே இல்லை. 250 ஹேர்ட்ஸ் அலை ஒருமுறை ஏறி இறங்க 4,000 மைக்ரோசெக்கன் எடுக்கும். அவ்வளவு சிறிய இடைவெளியில் இரண்டு நகலும் ஏறக்குறைய ஒன்றுபோலவே இருக்கும், கழித்தால் முன்னால் வரும் குரலின் கனத்த பகுதியும் மெலிந்துபோகும். அதை ஈடுசெய்ய மெசின் கனத்த பகுதியைப் பெருக்கும்போது ஒலிவாங்கியின் சொந்த இரைச்சலும் சேர்ந்து பெருகும். இப்படிக் கழிக்கும் திசைப் புரோகிராமை அமைதியான அறையில் போட்டால் "ஸ்ஸ்" என்று இரைகிறது என்று பெரிய பிள்ளைகள் முறைப்பாடு சொல்வது இதனால்தான். வீட்டுக்கு எல்லாத் திசையும் கேட்கும் சாதாரணப் புரோகிராமே போதும். மெல்லிய பேச்சைத் தூக்கித் தரும் வசதியையும் அதோடு சேர்த்துக்கொள்ளலாம்.

காற்று இன்னொரு வில்லங்கம். முல்லைத்தீவுக் கரையில் வாடை அடிக்கும்போது துளைகளில் மோதும் சின்னச் சுழல்கள் அலையாகப் பயணம் செய்து வருபவை அல்ல. முன் துளையில் ஒரு சுழல், பின் துளையில் தொடர்பில்லாத வேறொரு சுழல். கழித்தால் ஒன்றையொன்று அழிக்காமல் இரண்டும் கூடும். மோட்டார் சைக்கிளில் போகும்போதும் கடற்கரையிலும் திசைப் புரோகிராம் வேண்டாம். காற்றிரைச்சல் அடக்கும் வசதி இருந்தால் அது, இல்லாவிட்டால் சாதாரணப் புரோகிராம்.

எங்கள் பக்கத்தில் மிகக் கூடுதலாகக் கெடுப்பது புழுதி. பூச்சியம் வரவேண்டுமானால் இரண்டு ஒலிவாங்கியும் ஒரே அளவில் கேட்க வேண்டும். கிரவல் றோட்டுச் செம்புழுதியும் வியர்வையும் சேர்ந்து ஒரு துளையின் மூடியை மட்டும் அடைத்தால் கழித்தல் சரிவராது, பின் சத்தம் அப்படியே மிஞ்சும். சாதாரணப் புரோகிராமில் எல்லாம் நன்றாகத்தான் தெரியும் என்பதால் இந்தப் பழுது வெளியே வராது. ஒலிவாங்கி மூடிகளை மூன்று மாதத்துக்கு ஒருமுறை மாற்றச் சொல்வார்கள். புழுதிக் காலத்தில் அதற்கு முன்பே பாருங்கள், மாற்றும்போது இரண்டையும் ஒன்றாக மாற்றுங்கள். "ஒன்று நல்லாத்தானே இருக்கு" என்று மிச்சம் பிடித்தால் இரண்டும் வேறு வேறாகக் கேட்கும். மாரியில் இரவுகளில் மெசினை ஈரமுறிஞ்சி போட்ட பெட்டிக்குள் வையுங்கள்.

மெசின் இருக்கும் சாய்வையும் பாருங்கள். இரண்டு துளைகளும் தரைக்குச் சமாந்தரமாக, கதைப்பவரை நோக்கிய ஒரே கோட்டில் நிற்க வேண்டும். கழுத்துப் பட்டியில் கிளிப் போட்டு மாட்டிய மெசினின் "முன்பக்கம்" ஆகாயத்தைப் பார்க்கும். தலையில் ஒட்டும் பொத்தான் வடிவ மெசின் சுழன்றுபோனால் பிள்ளைக்கு முன்னால் நிற்பவரையே அது கழித்துவிடும். நாவூறு படும் என்று தலைமுடியால் மூடிக் கட்டிவிடும் வீடுகளும் உண்டு. அந்தப் பயத்தின் பின்னால் உள்ள பாசத்தை மதிக்கிறேன். ஆனால் அந்த முடி துளையில் உரசும் சத்தமும், அது மறைக்கும் "ச", "த" போன்ற மெல்லிய எழுத்துகளும் பிள்ளைக்கு உண்மையான நட்டம். மெசின் வெளியே தெரியட்டும்.

இனி இடங்கள். பொங்கல் சனக்கூட்டத்திலும் மடுத் திருவிழாவிலும் திசைப் புரோகிராம், ஸ்பீக்கருக்கு முதுகைக் காட்டி நிற்பது, கதைப்பவர் ஒன்றரை மீற்றருக்குள் முகத்துக்கு நேரே. மேளம் இம்பிளான்ட் காதைப் பழுதாக்கிவிடும் என்று பயப்பட வேண்டாம். மெசின் கொடுக்கும் மின்சாரத்துக்கு மப்பிங்கில் வைத்த எல்லை உண்டு. மற்றக் காதில் கேட்கும் திறன் மிச்சம் இருந்தால் அதைத்தான் ஸ்பீக்கரிலிருந்து காக்க வேண்டும். பஸ்ஸில் இஞ்சின் முன்னுக்கு இரைந்தால் முன் ஆசனம் வேண்டாம். இஞ்சின் முதுகுப் பக்கம் வரும்படி இருக்க இடமிருந்தால் நல்லது. றோட்டில் நடக்கும்போது சாதாரணப் புரோகிராமுக்குத் திரும்பிவிடுங்கள்: பின்னால் வரும் ரிப்பர் வாகனத்தைக் கழித்துவிடும் புரோகிராம் ஏ9 வீதிக்கு ஆபத்து. நாலு வயதுக்குட்பட்ட பிள்ளைகளுக்கு நிரந்தரத் திசைப் புரோகிராம் போடுவதையே நான் விரும்பமாட்டேன். பெரியவர்கள் பக்கத்தில் தங்களுக்குள் கதைப்பதைக் கேட்டுத்தான் அந்த வயதில் மொழி வளர்கிறது.

வகுப்பறைதான் கடினம். தகரக் கூரை, அரைச்சுவர், சீமெந்துத் தரை. பின்னால் எழும் சத்தம் கூரையில் பட்டு முன்னாலும் வந்துவிடும், முன்னால் வருவதைக் கழிக்க வழியில்லை. இங்கே தூரம்தான் எதிரி. திறந்த வெளியில் தூரம் இரட்டிக்கும் ஒவ்வொரு முறையும் 6 டெசிபெல் விழுகிறது. ஒரு மீற்றரில் 65 ஆக இருக்கும் ரீச்சரின் குரல் நாலு மீற்றரில் 53. அவர் கழுத்தில், வாயிலிருந்து 15 சென்ரிமீற்றரில் ஒரு கம்பியில்லா ஒலிவாங்கி தொங்கினால் அதற்குக் கிடைப்பது 81. எந்தப் புரோகிராமும் அவ்வளவு பெரிய இடைவெளியைத் தராது. அதோடு மெசினின் சொந்த ஒலிவாங்கியையும் சற்றுக் குறைத்துக் கலந்து வைத்தால் பக்கத்துப் பிள்ளையின் குரலும் கேட்கும். சத்திரசிகிச்சைக்குக் காசு சேர்க்கும் நல்ல மனங்கள் இந்தச் சின்ன ஒலிவாங்கிக்கும், மூடிகளுக்கும், மப்பிங்குக்குப் போய்வரும் பஸ் காசுக்கும் சேர்த்தே சேர்க்க வேண்டும் என்பது என் உறுதியான கருத்து. தமிழில், எங்கள் ஊர் இரைச்சலோடு சேர்த்துப் பதிவுசெய்த சோதனைச் சொற்பட்டியல்களுக்கும் ஆராய்ச்சிப் பணம் ஒதுக்கப்பட வேண்டும். "பத்து", "பட்டு" விளங்குகிறதா என்பதை ஆங்கிலச் சொற்களால் அளக்க முடியாது.

திசைப் புரோகிராம் வேலை செய்கிறதா என்று வீட்டிலேயே பார்க்கலாம். முற்றத்தில், காற்று இல்லாத நேரம், பிள்ளையை இருத்தி ஒரு மீற்றர் பின்னால் ரேடியோவைப் போடுங்கள். வாயை ஒரு தாளால் மறைத்துக்கொண்டு முன்னால் ஒரு மீற்றரில் நின்று ஆ, ஊ, ஈ, ம், ஷ், ஸ் என்று மாறி மாறிச் சொல்லுங்கள், பிள்ளை திருப்பிச் சொல்லட்டும். முதலில் சாதாரணப் புரோகிராம், பிறகு திசைப் புரோகிராம். இரண்டாவதில் ஒரு முன்னேற்றமும் இல்லையென்றால் சாய்வைப் பாருங்கள், மூடிகள் இரண்டையும் மாற்றுங்கள், திரும்பச் செய்து பாருங்கள். அப்படியும் இல்லையென்றால் ஒலிவாங்கியைச் சோதிக்கக் கொண்டுபோக வேண்டும்.

மப்பிங்குக்குப் போகும்போது "வகுப்பில கேட்குதில்லை" என்று மட்டும் சொன்னால் ஓடியோலொஜிஸ்டால் அதிகம் செய்ய முடியாது. ஒரு கொப்பியில் எழுதிக்கொண்டு போங்கள்: என்ன நேரம், எந்த இடம், எந்தப் புரோகிராம், கதைத்தவர் எந்தப் பக்கம், எவ்வளவு தூரம், இரைச்சல் எங்கிருந்து வந்தது, எந்தச் சொல்லை என்னவாகக் கேட்டாள். "செவ்வாய் பத்தரை, கணிதம், இரண்டாம் புரோகிராம், மூன்றாம் வாங்கு, கூரையில் மழை, பத்து என்றதைப் பட்டு என்று எழுதினாள்." இப்படிப் பத்து வரி இருந்தால் அந்த ஒரு நாள் பயணம் வீண்போகாது.