கண்ணாடிக்குள் தெரியும் ராஜா எங்கே நிற்கிறார்?

ஸ்பானிய ஓவியர் வெலாஸ்கெஸின் ‘லாஸ் மெனினாஸ்’ ஓவியத்தைப் பற்றி ஒரு வாசகி கேட்டிருக்கிறார்: “பின்சுவர்க் கண்ணாடியில் ராஜாவும் ராணியும் தெரிகிறார்களே, அப்படியானால் அவர்கள் நாம் நிற்கும் இடத்தில்தானே நிற்க வேண்டும்?” நானும் பல வருடம் அப்படித்தான் நம்பிக்கொண்டிருந்தேன்.

1656இல் தீட்டிய படம். மாட்ரிட் அரண்மனையின் ஒரு கூடம். நடுவில் ஐந்து வயது இளவரசி மார்கரீட்டா, சுற்றிலும் பணிப்பெண்கள், படுத்திருக்கும் நாய். இடப்பக்கம் நமக்கு முதுகைக் காட்டும் பெரிய கித்தான் (ஓவியம் தீட்டும் துணி), அருகே தூரிகையுடன் வெலாஸ்கெஸ். ராஜா நான்காம் ஃபிலிப்பும் ராணி மரியானாவும் கண்ணாடியில் மங்கலாக மட்டும் தெரிகிறார்கள்.

முதலில், இந்தப் படத்துக்கு முன் நாம் எங்கே நிற்கிறோம் என்று பார்ப்போம். தண்டவாளங்கள் தூரத்தில் ஒன்று சேர்வதுபோல் தோன்றுவது தெரிந்ததே. சேரும் புள்ளி எப்போதும் பார்ப்பவரின் கண்ணுக்கு நேர் எதிரே இருக்கும். ஆகவே, இப்படி வரைந்த காட்சிக்குச் சரியான இருக்கை ஒன்றுதான். ஐரோப்பிய அரசவை நாடக அரங்குகளில் அது மன்னருக்கு. மேடைக் காட்சிகளை அவர் கண்ணுக்கு அளந்து தீட்டினார்கள். ஓரத்தில் உட்கார்ந்தவருக்குத் தூண்களெல்லாம் கோணல். பதவி குறையக் குறையக் கோணல் கூடும்!

இனி ஓவியத்தின் அச்சுப் பிரதி ஒன்றில் அடிக்கோலை வையுங்கள். வலப்பக்கச் சுவரும் கூரையும் சேரும் விளிம்பை நீட்டினால் அது கண்ணாடிக்குப் போகாது. அதற்கு வலப்புறம், திறந்த கதவருகே படியில் நிற்கும் ஹோசே நியெத்தோவின் முழங்கைப் பக்கம் போய் முடியும். அவர் ராணியின் அரண்மனை அலுவலர். நாம் நிற்பது அவருக்கு எதிரே.

எனக்கு மிகவும் பிடித்த இடம் இதுதான். சலூன் கண்ணாடிக்கு நேரே நின்றால் உங்கள் முகம் தெரியும். இரண்டடி வலப்புறம் நகர்ந்து அதே கண்ணாடியைப் பாருங்கள்: முகம் போய்விடும், இடப்பக்கத்து நாற்காலியும் காலண்டரும் வந்துவிடும். ஒளி எந்தக் கோணத்தில் மோதுகிறதோ அதே கோணத்தில்தான் திரும்புகிறது. நியெத்தோவுக்கு எதிரே நிற்கும் நாமும் கண்ணாடிக்கு வலப்புறம் நகர்ந்தவர்கள்தாம். அதில் தெரிவது நமக்கு இடப்புறம் இருக்க வேண்டும். அங்கே இருப்பது கித்தானின் முன்முகம். ஆக, கண்ணாடியில் தெரிவது ராஜாவே அல்ல, வெலாஸ்கெஸ் தீட்டிக்கொண்டிருக்கும் ராஜா! ஸ்பானிய ஓவியர்களின் வரலாற்றை எழுதிய பலோமினோ 1724லேயே இதை எழுதிவிட்டார்.

 

படத்தின் கோடுகள் சேரும் புள்ளியை அரண்மனை ஊழியர் ஒருவருக்குக் கொடுத்துவிட்டு, அரசரைத் தன் கைவேலையாக ஆக்கிக் காட்டிய துணிச்சல் சாதாரணமானதல்ல. அன்றைய ஸ்பெயினில் கைத்தொழில் செய்தவனுக்குச் சான்டியாகோ வீரர் பட்டம் என்ற உயர்குடி கௌரவம் கிடையாது. வெலாஸ்கெஸ் காசுக்காகத் தூரிகை பிடித்தவர் அல்லர் என்று சாட்சிகள் வந்து சொல்ல வேண்டியிருந்தது. 1659இல் பட்டம் கிடைத்தது. 1656இன் படத்தில் அவர் மார்பில் இருக்கும் சிவப்புச் சிலுவை, அந்தப் பட்டத்தின் சின்னம், பிறகு தீட்டிச் சேர்த்தது. கையில் இருந்த தூரிகையை மட்டும் யாரும் அழிக்கவில்லை.