கடைசியாக எப்போது விட்டீர்கள்?

புதிதாக யார் வந்தாலும் "என்ன எக்சர்சைஸ் பண்றீங்க?" என்று நான் ஆரம்பிப்பதில்லை. அப்படிக் கேட்டால் பாதிப் பேர் நெளிவார்கள், மீதிப் பேர் கொஞ்சம் கூட்டிச் சொல்வார்கள். "கடைசியா எப்போ விட்டீங்க, ஏன் விட்டீங்க?" என்பதுதான் என் முதல் கேள்வி. பதினான்கு வருடமாகப் பிசியோதெரபி பார்க்கிறேன். இதற்குப் பதில் இல்லாத ஒருவரை இன்னும் பார்க்கவில்லை.

காய்ச்சல், வீட்டில் விசேஷம், ஆபீசில் வருடக் கணக்கு முடிக்கும் நேரம், குழந்தைக்கு உடம்பு சரியில்லை. காரணம் எதுவானாலும் கடைசியில் வரும் வரி ஒன்றுதான்: "அதோட போச்சு மேடம்." காய்ச்சல் நாலு நாளில் போயிருக்கும். அதற்கப்புறம் ஆறு மாதம் ஷூவைத் தொடாமல் இருந்ததற்குக் காய்ச்சலைக் குறை சொல்ல முடியாது. அந்த ஆறு மாதத்தில்தான் எனக்கு அக்கறை.

முட்டி வலிக்காக வந்த ஒரு பெண்மணி போனில் ஒரு படம் காட்டினார். அவர் வீட்டுச் சுவர் காலண்டர். 1 முதல் 19 வரை ஒவ்வொரு கட்டத்திலும் பச்சை ஸ்கெட்ச்சில் டிக். 20, 21 இரண்டிலும் சிவப்பில் பெருக்கல் குறி, அதுவும் அழுத்தி அழுத்திப் போட்டது. 22இலிருந்து மாதக் கடைசி வரை வெறும் கட்டங்கள். "ரெண்டு நாள் போனதும் அந்தப் பக்கத்தைப் பாக்கவே பிடிக்கல மேடம். எப்படா மாசம் முடியும், திருப்பலாம்னு இருந்துச்சு" என்றார். பத்தொன்பது டிக் அங்கேயே இருக்கிறது. அது அவர் கண்ணில் படவேயில்லை.

முழுக்க நனைந்த பிறகு முக்காடு எதற்கு என்று நம்மிடம் ஒரு பேச்சு உண்டே, அந்த மனநிலைதான் இது. 1975இல் வெளியான ஓர் ஆய்வில் இதை அழகாகப் பிடித்திருக்கிறார்கள். சிலருக்கு முதலில் மில்க் ஷேக் குடிக்கக் கொடுத்தார்கள், சிலருக்குக் கொடுக்கவில்லை. பிறகு எல்லோரையும் ஐஸ்கிரீம் ருசி பார்க்கச் சொன்னார்கள். மில்க் ஷேக் குடித்தவருக்கு வயிறு நிறைந்திருக்கும், குறைவாகத்தானே சாப்பிட வேண்டும்? டயட் கவலை இல்லாதவர்கள் அப்படித்தான் சாப்பிட்டார்கள். வாயைக் கட்டி வாழ்ந்து வந்தவர்களோ, மில்க் ஷேக் குடித்த பிறகு, குடிக்காதவர்களைவிட அதிகமாக ஐஸ்கிரீமை எடுத்துக்கொண்டார்கள். இன்றைக்குக் கெட்டது கெட்டதுதான், நாளைக்குப் பார்த்துக்கொள்ளலாம் என்ற கணக்கு. கட்டுப்பாடு எவ்வளவு இறுக்கமோ, அது அறுந்தால் வரும் வீழ்ச்சியும் அவ்வளவு.

இதற்கு எண்ணெய் ஊற்றுவது '21 நாளில் பழக்கம் வந்துவிடும்' என்ற பேச்சு. இந்த எண் உடற்பயிற்சியிலிருந்து வந்ததே இல்லை. ஒரு பிளாஸ்டிக் சர்ஜன், தன்னிடம் அறுவை சிகிச்சை செய்துகொண்டவர்கள் புது முகத்துக்குப் பழக 21 நாளாவது ஆகிறது என்று 1960இல் எழுதினார். கைமாறிக் கைமாறி அது ஒரு விதியாகிவிட்டது. யூனிவர்சிட்டி காலேஜ் லண்டனில் 96 பேரை வைத்துப் பார்த்த ஆய்வில், ஒரு செயல் தானாக வரும் நிலைக்கு நடுவாந்தரமாக 66 நாள் ஆனது. ஆளுக்கு ஆள் 18 நாளிலிருந்து 254 நாள் வரை வித்தியாசம் இருக்கும் என்று கணக்கிட்டார்கள். என்னிடம் வருபவர்களுக்கு நான் சத்தமாகப் படித்துக் காட்டும் பகுதி வேறு: நடுவில் ஒரு நாள் விட்டுப்போனதால் பழக்கம் உருவாவதில் சொல்லும்படியான பாதிப்பு எதுவும் இல்லை. 22ஆம் நாள் இன்னும் அலாரத்தோடு சண்டை போட்டுக்கொண்டிருந்தால் உங்களிடம் எந்தக் கோளாறும் இல்லை.

விடுபவர்களைப் பற்றியே பேசிக்கொண்டிருக்கிறேன். விடவே முடியாதவர்களும் என்னிடம் வருகிறார்கள், அவர்களுக்கு வைத்தியம் பார்ப்பது இன்னும் கஷ்டம். யாரும் அவர்களைக் குறை சொல்வதில்லை, பாராட்டத்தான் செய்கிறார்கள்.

நாற்பதுகளில் இருக்கும் ஒருவர், குதிகாலுக்குப் பின்னால் வலி. கையில் ஸ்மார்ட் வாட்ச். பரிசோதிக்கும்போதும் அதைக் கழற்ற மனமில்லை. ராத்திரி பதினொன்றே முக்காலுக்கு 9,200 ஸ்டெப்ஸ் என்று காட்டினால், நொண்டிக்கொண்டே கட்டிலைச் சுற்றி நடந்து 10,000 ஆக்கிவிட்டுத்தான் படுப்பாராம். மனைவி தூங்கிக்கொண்டிருப்பார் என்பதால் லைட் போடாமல்.

"ஏன் சார் பத்தாயிரம்?" என்று கேட்டேன்.

"டாக்டருங்க சொல்றதுதானே மேடம்?"

சொன்னது டாக்டர்கள் அல்ல. 1965இல் ஜப்பானில் விற்பனைக்கு வந்த ஒரு நடை எண்ணும் கருவியின் பெயர் அது, 'மான்போ கெய்', அதாவது பத்தாயிரம் காலடி எண்ணும் மீட்டர். 2019இல் வெளியான ஓர் ஆய்வில், சராசரி வயது 72 உள்ள பெண்களிடையே, நாளுக்குச் சுமார் 4,400 அடி நடந்தவர்களுக்கே, 2,700 அடி நடந்தவர்களைவிட இறப்பு விகிதம் குறைவாக இருந்தது. சுமார் 7,500 அடிக்கு மேல் அந்தப் பலன் கூடவில்லை. அது வயதான பெண்களின் கணக்கு, அப்படியே எல்லோருக்கும் பொருத்த முடியாதுதான். ஆனாலும் 9,200க்கும் 10,000க்கும் நடுவில் எந்தப் பூதமும் உட்கார்ந்திருக்கவில்லை.

அவர் குதிகாலில் நடந்தது இதுதான். பயிற்சி தொடங்கினால் மூச்சு சில வாரங்களில் தேறிவிடும். தசையும் ஓரளவு சீக்கிரம் வலுவாகும். தசையை எலும்போடு பிணைக்கும் தசைநாண் மெதுவான ஆசாமி. ரத்த ஓட்டம் குறைவு, பளுவுக்குப் பழக மாதக்கணக்கில் ஆகும். 'இப்போ நல்லா முடியுதே' என்று உற்சாகமாக ஏற்றிக்கொண்டே போகும் கட்டத்தில்தான் அது மாட்டிக்கொள்கிறது. அவருக்கு வாட்ச்சுக்குப் பதிலாக ஒரு அளவுகோல் கொடுத்தேன்: காலையில் படுக்கையிலிருந்து இறங்கி வைக்கும் முதல் பத்து அடி. நேற்றைவிட விறைப்பாக இருந்தால் நேற்று செய்தது அதிகம். அதே போலவோ குறைவாகவோ இருந்தால் சரியாகப் போகிறது. அந்தப் பத்து அடியை எண்ணக் கருவி தேவையில்லை.

காய்ச்சலோடு ஓடுவது, அடிபட்ட காலோடு ஜிம்முக்குப் போவது, சாப்பிட்டதற்குத் தண்டனையாக ஓடுவது, ஒரு நாள் விட்டால் எரிச்சலில் வீட்டாரிடம் சீறுவது, பெண்களுக்கு மாதவிடாய் நின்றுபோவது. இவற்றில் ஏதாவது இருந்தால் அது ஒழுக்கம் என்ற பேரில் நடக்கும் வேறொன்று. என்னால் மட்டும் தீர்க்க முடியாது. மருத்துவரையும் மனநல ஆலோசகரையும் பார்க்கச் சொல்லி அனுப்பிவிடுவேன்.

எடை மெஷினைப் பற்றி அதிகம் பேச விருப்பமில்லை. உடம்பு சர்க்கரையைக் கிளைகோஜன் என்ற வடிவில் சேமிக்கிறது, அதில் ஒரு கிராம் சுமார் மூன்று கிராம் தண்ணீரைப் பிடித்து வைத்திருக்கும். டயட் தொடங்கிய முதல் வாரம் சரசரவென்று இறங்குவதில் பெரும்பங்கு அந்தத் தண்ணீர்தான், திரும்பி ஏறுவதும் அதுதான். தினமும் ஏறிப் பார்ப்பவர் தண்ணீரோடு சண்டை போடுகிறார்.

சரி, நான் என்னதான் கொடுக்கிறேன்? ஒரே பயிற்சியை இரண்டு சைஸில் எழுதித் தருவேன். பெரிய நாள், சின்ன நாள். பெரிய நாளில் முப்பது, நாற்பது நிமிடம். சின்ன நாளில் நாற்காலியிலிருந்து கை ஊன்றாமல் எட்டு முறை எழுந்து உட்கார வேண்டும், சுவரைப் பிடித்துக்கொண்டு பத்து முறை குதிகாலைத் தூக்க வேண்டும். அவ்வளவுதான், நாலு நிமிடம். இந்தச் சின்ன நாளைப் பார்த்து முகம் சுளிக்காதவர் குறைவு. "இதைப் பண்ணி என்ன ஆகப்போவுது?" என்பார்கள். உலக சுகாதார நிறுவனம் வாரத்துக்கு 150 முதல் 300 நிமிடம் மிதமான பயிற்சி, இரண்டு நாளாவது தசைக்கு வலு சேர்க்கும் பயிற்சி என்கிறது. முன்பு ஒரே மூச்சில் பத்து நிமிடமாவது செய்தால்தான் கணக்கு என்றிருந்ததை 2020இல் எடுத்துவிட்டார்கள். துண்டு துண்டாகச் செய்வதும் சேரும். ஆனால் நான் சின்ன நாளை எழுதித் தருவது நிமிடக் கணக்குக்காக மட்டும் இல்லை. நேரமே இல்லாத நாளில் 'இன்னிக்குப் போச்சு' என்று சொல்ல இடம் இருக்கக் கூடாது, அதற்காக.

நீண்ட இடைவெளி விழுந்துவிட்டால் ஒன்றே ஒன்று: விட்ட இடத்திலிருந்து தொடங்காதீர்கள். இரண்டு வாரத்துக்கு மேல் விட்டிருந்தால் நான் பழைய அளவில் பாதியோடு தொடங்கச் சொல்வேன். முதல் தடவை சேர்த்த வலுவைவிட, இழந்த வலு வேகமாகத் திரும்பும். அதனால் அவசரம் தேவையில்லை. நெஞ்சு வலி, மயக்கம், வழக்கத்துக்கு மாறான மூச்சிரைப்பு இருந்தால் பயிற்சியை நிறுத்திவிட்டு மருத்துவரிடம் போங்கள், என்னிடம் வர வேண்டாம்.

குதிகால்காரர் இப்போது ராத்திரி சுற்றுவதில்லை. ஞாயிற்றுக்கிழமை மட்டும் வாட்ச்சைக் கழற்றி வைக்கிறார். கை மொட்டையாக இருப்பது போல் இருக்கிறதாம். வலி பாதி குறைந்திருக்கிறது, மீதிக்கு இன்னும் இரண்டு மூன்று மாதமாவது ஆகும் என்று சொல்லியிருக்கிறேன்.

காலண்டர் பெண்மணி போன வாரம் வந்தார். புது மாதப் பக்கத்தின் படம். பச்சை டிக்குகளுக்கு நடுவில் அங்கங்கே பச்சைப் புள்ளிகள், அவை சின்ன நாட்கள். நாலைந்து கட்டம் காலியாகவும் இருந்தது. காலிக்குப் பிறகு மறுபடி டிக். சிவப்பு ஸ்கெட்ச் எங்கே என்று கேட்டேன். பையன் படம் வரைய எடுத்துக்கொண்டு போய்விட்டானாம்.