14 இலக்கங்களில் ஒரு பக்கம்

வெள்ளவத்தையில், கொழும்புத் தமிழ்ச் சங்க நூலகத்தில் ஒரு நூலைப் பார்த்துப் பக்க எண்ணைக் குறித்து வைத்தால், அந்தப் பதிப்பு இருக்கும்வரை வேறொருவரும் அதே வரியைப் பார்க்கலாம். தமிழ் விக்கிப்பீடியாவில் நான் சான்றாகக் கொடுத்த ஒரு பத்திரிகைச் செய்தி அப்படி நிலைக்கவில்லை. தளத்தைப் புதுப்பித்தார்கள், இப்போது அந்த முகவரியைத் திறந்தால் முகப்புப் பக்கம்தான் வருகிறது.

சுட்டிகள் (இணைய இணைப்புகள்) செத்துப்போவதில் இது பொல்லாத வகை. பக்கம் இல்லையென்றால், தளத்தை நமக்கு அனுப்பும் கணினியான வழங்கி 404, அதாவது ‘பக்கம் இல்லை’ என்று பதில் சொல்ல வேண்டும். முகப்புக்குத் திருப்பிவிட்டால் கடைசியில் வருவது 200, அதாவது ‘எல்லாம் சரி’. சுட்டிகளைச் சோதிக்கும் தானியங்கி இதில் ஏமாந்துபோகலாம். பியூ ஆய்வு மையம் 2024இல் வெளியிட்ட ஆய்வில், ஆங்கில விக்கிப்பீடியா பக்கங்களில் 54 சதவீதத்தில் ஒரு செத்த சுட்டியாவது இருந்தது.

சான் பிரான்சிஸ்கோவில் 1996இல் தொடங்கிய இன்டர்நெட் ஆர்க்கைவ் இப்படிப்பட்ட பக்கங்களைப் படியெடுத்து வைக்கிறது. அது வெறும் புகைப்படம் அல்ல. வழங்கி அனுப்பிய எழுத்து, படங்கள், வடிவமைப்புக் கோப்புகள் எல்லாம் தனித்தனியே சேமிக்கப்பட்டு, நாம் கேட்கும்போது திரும்பக் கோக்கப்படுகின்றன. படியின் முகவரியில் 14 இலக்கங்கள் இருக்கும்: ஆண்டு, மாதம், நாள், மணி, நிமிடம், வினாடி. 20240315203000 என்றிருந்தால் 2024 மார்ச் 15, இரவு 8.30. ஆனால் அது உலகப் பொது நேரம். கொழும்பில் அப்போது 16ஆம் திகதி அதிகாலை 2 மணி. திகதி முக்கியமான செய்தியென்றால் இதைக் கவனியுங்கள்.

விக்கிப்பீடியாவில் சுட்டி செத்துவிட்டதென்று தெரிந்தால், நாம் பக்கத்தைப் பார்த்த திகதிக்குக் கிட்டிய படியைத் தானியங்கி தேடிச் சேர்க்கும். படி இருந்தால்தானே! யாரும் சேமிக்காமல் போன பக்கத்தை அதனால் உருவாக்க முடியாது.

எங்கள் பழைய தளங்களில் இன்னொரு சிக்கல். பாமினி எழுத்துருவில் எழுதிய பக்கத்துக்குள் இருப்பது உண்மையில் ஆங்கில எழுத்துகள். எழுத்துருதான் அவற்றைத் தமிழாகக் காட்டும். எழுத்துருக் கோப்பு கூடவே சேமிக்கப்படாவிட்டால், படி இருந்தும் வாசிக்க முடியாத எழுத்துக் குவியலே தெரியும். அதை எழுத்துரு மாற்றியில் போட்டு, இப்போதைய பொதுக் குறியீடான யுனிகோடாக்கினால் பெரும்பாலும் மீண்டுவிடும். எழுத்தே படமாக இருந்து அந்தப் படம் சேமிக்கப்படாவிட்டால் வழியில்லை.

அதனால் இப்போதெல்லாம் சான்று கொடுக்கும்போதே இன்டர்நெட் ஆர்க்கைவின் சேவையான வேபேக் மெஷினில் முகவரியைக் கொடுத்துச் சேமிக்கிறேன். அப்புறம் படியைத் திறந்து, நான் மேற்கோள் காட்டும் வரி அதில் தெரிகிறதா என்று தேடுகிறேன். தெரிந்த பிறகே அந்த 14 இலக்க முகவரியைக் கட்டுரையில் சேர்க்கிறேன்.