பலசரக்குக் கடையும் ‘பல்பொருள் அங்காடி’யும்

சின்ன ஊர் ஒன்றில் தாத்தா காலத்திலிருந்து நடந்துவரும் கடையைப் பற்றிச் செய்தி எழுதினாலும் சரி, வெளிநாட்டுக் கட்டுரை ஒன்றை மொழிபெயர்த்தாலும் சரி, ‘குடும்பத்தால் நடத்தப்படும் பல்பொருள் அங்காடி’ என்றே எழுதிவிடுகிறார்கள். பத்துக்குப் பத்து அறை, வாசலை அடைத்தாற்போல் பருப்பு மூட்டைகள், மேலே தொங்கும் நூல்கண்டு, கல்லாப்பெட்டிக்குப் பின்னால் அண்ணாச்சி. இதற்கு அங்காடி என்று பெயர் வைப்பது தவறு. பலசரக்குக் கடை என்ற நல்ல பெயர் நெடுங்காலமாக இருக்கும்போது வைப்பது இரட்டைத் தவறு.

முதலில் சொல்லைப் பார்த்துவிடுவோம். சரக்கு என்றால் விற்பனைக்கு உரிய பொருள். கன்னடம், தெலுங்கு, மலையாளம் மூன்றிலும் இதற்கு உறவுச் சொற்கள் உண்டு. சித்த மருத்துவர்கள் மருந்துப் பொருள்களைக் ‘கடைச்சரக்கு’ என்பார்கள். ‘சரக்கு முறுக்கா, செட்டி முறுக்கா’ என்பது பழமொழி. கடை என்பதற்கு வாயில் என்றும் பொருள். தலைக்கடை, புறங்கடை, புழக்கடை எல்லாம் அந்த வழியில் வந்தவை. வீட்டு வாயிலில் வைத்து விற்ற இடமே கடை ஆயிற்று என்ற விளக்கம் எனக்குப் பொருத்தமாகவே படுகிறது. பழைய ஊர்க் கடைகளில் முன்கட்டில் வியாபாரமும் பின்கட்டில் குடும்பமும் இருந்ததைப் பார்த்தவர்களுக்கு இதில் வியப்பு இருக்காது.

இனி அங்காடி. இது அருமையான பழந்தமிழ்ச் சொல். அதனால்தான் அதை இப்படி வீணடிப்பது வருத்தமாக இருக்கிறது. சங்க நூலான மதுரைக்காஞ்சியில் நாளங்காடி பகலில் கூடும், அல்லங்காடி இரவில் கூடும். இரண்டிலும் அதைப் பாடிய மாங்குடி மருதனார் சொல்வது ‘கம்பலை’யை, அதாவது பெருங்கூட்டத்தின் ஆரவாரத்தை. சிலப்பதிகாரத்தில் புகாரின் நாளங்காடி அந்நகரின் இரு பகுதிகளான மருவூர்ப்பாக்கத்துக்கும் பட்டினப்பாக்கத்துக்கும் இடைப்பட்ட வெளியில், மரங்கள் அடர்ந்த சோலையில் இருக்கிறது. அந்த இடத்தில் இளங்கோவடிகள் ‘கடைகால் யாத்த மிடைமரச் சோலை’ என்கிறார். மரங்களின் அடியையே கால்களாகக் கொண்டு கடைகள் கட்டியிருந்தார்கள். ஆக, அங்காடிக்கு உள்ளே கடைகள். அங்காடி என்பது பல கடைகளும் கொடுப்போரும் கொள்வோரும் கூடும் இடம். கடை அதில் ஒன்று. இவ்வளவு தெளிவாக இரண்டையும் பிரித்து வைத்திருக்கிறார்கள். நாம் போய் இரண்டையும் குழப்பிக்கொண்டிருக்கிறோம்.

கன்னடத்திலும் தெலுங்கிலும் ‘அங்கடி’ என்றால் தனிக் கடைதானே என்று கேட்பார்கள். உண்மைதான். அந்த மொழிகளில் பொருள் அப்படி நகர்ந்திருக்கிறது; அது அவர்கள் வழக்கு. மலையாளத்தில் ‘அங்ஙாடி’ இன்றும் சந்தைத் தெருதான். தமிழில் கடை என்ற சொல் உயிரோடு, எல்லோர் வாயிலும் இருக்கும்போது, அதைத் தள்ளிவிட்டு அங்காடியைச் சுருக்க என்ன தேவை வந்தது? ரேஷன் கடைக்கு அரசே ‘நியாயவிலைக் கடை’ என்று பெயர் வைத்து, அது ஊரெங்கும் நிலைத்துவிட்டது. பெரிய கட்டடத்தில் பல பிரிவுகள் வைத்து விற்கும் இடத்தைப் பேரங்காடி என்றோ, கூட்டுறவுத் துறை சொல்வதுபோல் சிறப்பங்காடி என்றோ சொல்லுங்கள். அங்கே எனக்கு மறுப்பில்லை.

‘பல்பொருள்’ இன்னும் வேடிக்கை. பல சரக்கு என்பதை அப்படியே திருப்பிச் சொன்னதுதான் பல் பொருள். இருந்த சொல்லையே மறுபடி ஆக்கி, பழையதை நாட்டுப்புறச் சொல் என்று ஒதுக்கிவிட்டார்கள். சரக்கு என்றால் இப்போது சாராயத்தை நினைக்கிறார்களே என்ற கூச்சம் ஒரு காரணமாகச் சொல்லப்படுகிறது. சரக்கு ரயில் ஓடுகிறது, சரக்கு லாரி ஓடுகிறது. 2017 ஜூலையிலிருந்து நாடு முழுக்கக் கட்டும் வரிக்கே தமிழில் ‘சரக்கு மற்றும் சேவை வரி’ என்றுதான் பெயர். அங்கெல்லாம் வராத கூச்சம் அண்ணாச்சி கடைக்கு மட்டும் எதற்கு?

மளிகைக் கடை என்றும் சொல்லலாம்; சென்னையிலும் கொங்கிலும் அதுதான் வழக்கு. கன்னடத்தில் ‘மளிகெ’ என்றால் கடையே. தமிழில் அது கடையில் உள்ள சாமான்களைக் குறிக்க வந்துவிட்டது. தெற்கத்தி மாவட்டங்களிலும் இலங்கையிலும் பலசரக்கு. கேரளத்திலும் ‘பலசரக்கு கட’தான். இவ்வளவு பரப்பில் புழங்கும் சொல்லுக்கு மாற்று தேட வேண்டியதே இல்லை.

இந்தக் கடைகளுக்கு ஒரு வரலாறும் உண்டு. 19ஆம் நூற்றாண்டில் நெல்லைப் பக்கத்திலிருந்து வடக்கே வந்த நாடார் வணிகர்கள் சிவகாசி, விருதுபட்டி, திருமங்கலம், சாத்தங்குடி, பாலையம்பட்டி, அருப்புக்கோட்டை ஆகிய ஆறு ஊர்களில் நிலைகொண்டார்கள். வண்டியும் சரக்கும் பத்திரமாகத் தங்கப் பேட்டைகள் கட்டினார்கள். ஒவ்வொரு வியாபாரியும் வியாபாரத்துக்கு ஏற்ப மகமை என்ற பொதுநிதிப் பங்கைக் கொடுத்தார்; அந்தப் பணத்தில் கோயிலும் கிணறும் பள்ளியும் எழுந்தன. விருதுபட்டியின் சத்திரிய வித்தியாசாலை என்ற பள்ளி அப்படி வந்ததுதான். அந்த ஊர் 1923இல் விருதுநகர் ஆயிற்று. அங்கிருந்தும் சுற்று ஊர்களிலிருந்தும் பையன்கள் கிளம்பி, மாமன் கடையிலோ சித்தப்பா கடையிலோ பொட்டலம் மடிக்கப் பழகி, இரவில் கடையிலேயே படுத்து, சில ஆண்டுகளில் வேறோர் ஊரில் தனிக் கடை போட்டார்கள். தமிழ்நாட்டின் எத்தனையோ சிற்றூர்களில் ‘நாடார் கடை’, ‘அண்ணாச்சி கடை’ என்பதே அடையாளமானது இப்படித்தான். செட்டியார் கடைக்கும் ராவுத்தர் கடைக்கும் இதேபோல் தனித்தனிக் கதைகள் உண்டு. பற்று நோட்டில் கணக்கு எழுதி, மாதச் சம்பளம் வந்ததும் வரவு வைக்கும் உறவு அங்கே இருந்தது. ‘பல்பொருள் அங்காடி’ என்று எழுதும்போது இவை எதுவும் வாசகர் கண்ணுக்கு வருவதில்லை.

மொழிபெயர்ப்பாளர்களிடம் எனக்கு இன்னொரு மனத்தாங்கலும் உண்டு. 2012இல் சில்லறை வணிகத்தில் அந்நிய முதலீடு பற்றிய வாதம் சூடாக இருந்தபோது, அமெரிக்கர்கள் தங்கள் தெருக்கடைகளைக் குறிக்கும் ‘மாம் அண்ட் பாப்’ என்ற தொடரை அப்படியே பெயர்த்து ‘அம்மா அப்பா கடை’ என்று எழுதியவர்கள் உண்டு. தமிழ் வாசகருக்கு அது அம்மாவும் அப்பாவும் விலைக்குக் கிடைக்கும் கடை என்றுதான் படும். ‘குடும்பத்தால் நடத்தப்படும்’ என்பதும் தேவையில்லாத செயப்பாட்டு வினை. ‘மூன்று தலைமுறையாக ஒரே குடும்பம் நடத்தும் பலசரக்குக் கடை’ என்று எழுதினால் போதும். தலைப்பில் இடம் குறைவு என்றால் ‘தாத்தா காலத்துக் கடை’ என்று போடலாம்.