குட்டிகளுக்கு இடம் கொடுக்கும் முன், வீட்டுப் பூனையைக் கொஞ்சம் பாருங்கள்

தாயில்லாத பூனைக்குட்டிகளை, நிரந்தர வீடு கிடைக்கும்வரை வைத்து வளர்க்க முன்வருகிறவர்கள் கிளினிக்கில் கேட்பதெல்லாம் குட்டிகளைப் பற்றித்தான். என்ன பால், எத்தனை மணிக்கு ஒருமுறை, ஊசி எப்போது? வீட்டில் வேறு பூனை இருக்கிறதா என்று நானாகக் கேட்டால்தான், "இருக்கு டாக்டர், ஆனா அது ரொம்ப சாது" என்பார்கள். அடுத்து நான் கேட்பது, அந்தச் சாதுவுக்குக் கடைசியாக எப்போது தடுப்பூசி போட்டீர்கள் என்பதைத்தான். பாதிப் பேருக்கு அங்கேயே பதில் தடுமாறும்.

குட்டிகளுக்குக் கதவு உள்ள தனி அறை வேண்டும், குறைந்தது 2 வாரத்துக்கு. கூண்டை ஹாலின் மூலையில் வைப்பது தனிமைப்படுத்தல் ஆகாது. இன்று துள்ளி விளையாடும் குட்டியின் உடம்பில், பூனைகளின் உயிரைப் பறிக்கும் பான்லூக்கோபீனியா என்ற தொற்றுநோயின் வைரஸ் ஏற்கெனவே இருக்கலாம். வாந்தி, பேதி, சோர்வு என்று அது வெளியே தெரியப் பெரும்பாலும் ஒரு வாரத்துக்குள் ஆகும், சிலவற்றில் 2 வாரம்கூடப் பிடிக்கும். படர்தாமரை இன்னும் மெதுவானது. காதோரத்திலோ முகத்திலோ முடி கொட்டிய வட்டம் தெரிய 3 வாரம்கூட ஆகலாம். அதற்குள் குட்டியைக் கன்னத்தோடு வைத்துக் கொஞ்சிய குழந்தைக்கும் அது வந்திருக்கலாம்.

அறைக்குள் போவதற்கென்று ஒரு பழைய சட்டையும் ஒரு ஜோடி செருப்பும் உள்ளேயே இருக்கட்டும். முதலில் வீட்டுப் பூனைக்குச் சாப்பாடு வைத்துவிட்டு, அப்புறம் குட்டிகளிடம் போங்கள். வெளியே வந்ததும் சோப்புப் போட்டுக் கை கழுவுங்கள். ஆல்கஹால் கலந்த சானிடைசர் பான்லூக்கோபீனியா வைரஸை ஒன்றும் செய்யாது. தரையையும் தட்டுகளையும் முதலில் அழுக்குப் போகக் கழுவிவிட்டு, 1 பங்கு பிளீச்சை 32 பங்கு தண்ணீரில் கலந்து 10 நிமிடம் ஊறவிட வேண்டும். அழுக்கின் மேலேயே பிளீச் ஊற்றினால் வேலை செய்யாது. ஃபினைல் வேண்டவே வேண்டாம், பூனைக்கு அது விஷம்.

வீட்டுப் பூனைக்கு ஊசி முறையாகப் போட்டிருந்தால் பான்லூக்கோபீனியாவிலிருந்து நல்ல பாதுகாப்பு உண்டு. சளி, தும்மல் கொண்டுவரும் வைரஸ்கள் விஷயத்தில் ஊசி நோயின் வேகத்தைத்தான் குறைக்கும். "குட்டிங்க தும்மவே இல்ல, பெரிசுதான் தும்முது" என்று குழம்பி வருகிறவர்கள் உண்டு. இந்தச் சளி வைரஸ்களில் ஒன்றான ஹெர்பெஸ், ஒருமுறை வந்த பூனையின் உடம்பைவிட்டு முழுதாகப் போவதில்லை. மன அழுத்தம் வந்தால் மறுபடி தலைதூக்கும். குட்டிகள் எதையும் கொடுக்காமலேயே உங்கள் பூனை தும்மத் தொடங்கலாம்.

என்னை அதிகம் கவலைப்பட வைப்பதும் இந்த மன அழுத்தம்தான். ஆண் பூனையாக இருந்தால் மணல் தட்டை ஒரு கண் பார்த்துக்கொண்டே இருங்கள். புதுக்குட்டிகள் வந்த வீட்டிலிருந்து ஒரு ஆண் பூனையைக் கொண்டுவருவார்கள். நாள் முழுக்கத் தட்டில் போய்ப் போய் உட்கார்கிறது, முனகுகிறது, அடிவயிற்றை நக்குகிறது. மலச்சிக்கல் என்றோ பொறாமை என்றோ சொல்வார்கள். வயிற்றில் கை வைத்தால் மூத்திரப்பை எலுமிச்சையைவிடப் பெரிதாக, இறுகிப்போய் இருக்கும். சிறுநீர்ப் பாதை அடைத்துக்கொண்டிருக்கிறது என்று அர்த்தம். ஓரிரு நாளில் உயிரே போய்விடும். காலையில் பார்த்துக்கொள்ளலாம் என்று தள்ளிப்போட வேண்டாம், ராத்திரியாக இருந்தாலும் கிளம்புங்கள். பூனை ஒரு நாள் முழுக்கச் சாப்பிடவில்லை என்றாலும் கூப்பிடுங்கள். பூனை பட்டினி கிடந்தால், அதிலும் குண்டுப் பூனை, கல்லீரலில் கொழுப்பு சேர்ந்து பெரிய வியாதியாகிவிடும்.

கதவைப் பார்த்துச் சீறுகிறதே என்று அதட்டாதீர்கள். சீறுவது "கிட்ட வராதே" என்று சொல்வது, அவ்வளவுதான். அந்தக் கோபத்தில் இருக்கும்போது தூக்கப்போனால் கடி உங்களுக்கு விழும். அதன் சாப்பாட்டு நேரம், தூங்குமிடம், மணல் தட்டு எதையும் குட்டிகளுக்காக மாற்றாமல் இருப்பதே பாதி வைத்தியம்.

சரி, எப்போது பழக்குவது? பல நேரங்களில் பழக்கவே வேண்டாம் என்பேன். சில வாரத்தில் வேறு வீடு போகப்போகிற குட்டிகளுக்காக உங்கள் பூனை ஏன் இவ்வளவு சிரமப்பட வேண்டும்? 2 முதல் 7 வாரம் வரையிலான வயதில் குட்டிகள் மனிதர்களோடு பழகுவதுதான் முக்கியம், அதற்கு நீங்கள் போதும். விளையாட உடன்பிறப்புகள் இருக்கின்றன. பழக்கித்தான் ஆக வேண்டும் என்றால், 2 வாரம் முடிந்து, பூனைகளுக்கு ரத்தப் புற்றுநோய் வரை கொண்டுவரும் லுக்கீமியா வைரஸுக்கான பரிசோதனையும் சரியாக வந்த பிறகு. அந்த வைரஸ் எச்சில் வழியாகப் பரவும், ஒரே கிண்ணத்தில் சாப்பிட்டாலும் வரலாம். பூனையின் நோய் எதிர்ப்புச் சக்தியைக் குலைக்கும் எஃப்ஐவி வைரஸுக்கான பரிசோதனை பாசிட்டிவ் என்று வந்தால் மட்டும் பதற வேண்டாம். தாயிடமிருந்து வந்த எதிர்ப்பொருள் 6 மாதம் வரை அப்படிக் காட்டக்கூடும், பிறகு மறுபடி பார்க்கலாம்.

குட்டிகளைப் பற்றியும் சுருக்கமாகச் சொல்லிவிடுகிறேன். உடம்பு சில்லென்று இருக்கும் குட்டிக்குப் பால் கொடுக்காதீர்கள், முதலில் சூடேற்றுங்கள். மல்லாக்கப் படுக்க வைத்துப் புகட்டினால் பால் நுரையீரலுக்குப் போகும், குப்புற வைத்துத்தான் கொடுக்க வேண்டும். பசும்பால் வேண்டாம், பூனைக்குட்டிக்கென்று விற்கும் பால்பவுடரே சரி. சமையலறைத் தராசில் தினமும் ஒரே நேரத்தில் எடை பாருங்கள். பிறக்கும்போது சுமார் 100 கிராம் இருக்கும் குட்டி நாளுக்கு 10 முதல் 15 கிராம் ஏற வேண்டும். ஒரு நாள் எடை இறங்கினாலே அழைத்து வாருங்கள். ஈறு வெளுத்திருந்தால் தெள்ளுப்பூச்சி ரத்தத்தை உறிஞ்சியிருக்கலாம். நாய்க்கு வாங்கிய, பெர்மெத்ரின் கலந்த தெள்ளுப்பூச்சி மருந்தைக் குட்டிக்கும் தடவாதீர்கள், பெரிய பூனைக்கும் தடவாதீர்கள். அது பூனைகளைக் கொல்லும்.

குட்டிகள் போனபின் அறையைக் கழுவி, துணிகளை வெந்நீரில் துவைத்தால் அடுத்த தொகுதிக்குத் தயார். ஆனால் அங்கே பான்லூக்கோபீனியா வந்திருந்தால் கதையே வேறு. அந்த வைரஸ் ஒரு வருடம்கூடத் தாக்குப்பிடிக்கும். கம்பளம், மெத்தைப் போன்றவற்றிலிருந்து அதை முழுதாக நீக்க முடியாது. அந்த ஒரு வருடம் ஆகும்வரை ஊசி போட்டு முடித்த பெரிய பூனைகளை மட்டும் வாங்கி வைத்துக்கொள்ளுங்கள்.