சராசரி: சொல்லும் கணக்கும்

புள்ளியியல் பாடத்தில் நுழைந்ததும் முதலில் எதிர்ப்படும் சொல் சராசரி. தமிழாகவே ஒலிப்பதால் பலர் இதைச் ‘சரி’யோடு முடிச்சுப் போட்டுவிடுகிறார்கள்: எல்லாவற்றையும் சரிசமமாக்குவது, ஆகவே சராசரி. கேட்க நன்றாகத்தான் இருக்கிறது, வேர் அதுவல்ல. ‘சராசரம்’ என்பதோடும் இதற்கு உறவில்லை. அது வடமொழி, சரம் அசைவது, அசரம் அசையாதது.

சராசரி பாரசீகத்திலிருந்து வந்தது. அங்கே ‘சர்’ என்றால் தலை. சர்க்கார், சர்தார் இரண்டிலும் முன்னால் நிற்பது அந்தத் தலைதான். ‘சராசர்’ என்றால் ஒரு தலையிலிருந்து மறுதலை வரை, அதாவது முழுக்க. தனித்தனியாகப் பார்க்காமல் மொத்தத்தையும் பார்த்துச் சொல்வது சராசரி. மராத்தி, கன்னடம், தெலுங்கு மூன்றிலும் இதே சொல் புழங்குகிறது. ஓசூர்ப் பக்கத் தெலுங்குக்காரர்களைக் கேட்டால் இன்னொரு பொருளும் சொல்வார்கள்: ‘சராசரி’ வீட்டுக்குப் போனான் என்றால் வழியில் எங்கும் நிற்காமல் நேரே போனான். முனைக்கு முனை என்ற பழைய பொருளின் மிச்சம் அது என்றே எனக்குப் படுகிறது.

இப்படிப்பட்ட சொற்கள் நம் பக்கம் பெரும்பாலும் வரிக்கணக்கோடுதான் வந்தன. தாசில், பசலி, கிஸ்தி, ஜமாபந்தி எல்லாம் அந்த வகையறா. தருமபுரி, கிருஷ்ணகிரி வட்டாரத்தின் பழைய பெயரான பாரமகாலிலேயே ‘பாரா’ என்பது இந்துஸ்தானியில் பன்னிரண்டு. 1792-இல் ஸ்ரீரங்கப்பட்டண உடன்படிக்கைப்படி திப்புவிடமிருந்து இந்தச் சீமை கம்பெனி கைக்குப் போனது. கம்பெனி அதிகாரி அலெக்சாண்டர் ரீடும் அவருக்குக் கீழே தாமஸ் மன்றோவும் இங்கே நிலத்தை அளந்து வரி போட்டார்கள். விவசாயியிடமே நேராக வரி வாங்கும் ரயத்துவாரி முறை முளைவிட்டது இங்கேதான். ஆங்கிலத்து ‘ஆவரேஜ்’ கதை வேறு. கப்பல் சரக்குச் சேதத்தைக் குறித்த அரபுச் சொல்லிலிருந்து இத்தாலி, பிரான்ஸ் வழியாக வந்தது அது. சேதத்தை வணிகர்கள் பங்கு போட்டுக்கொண்டதால் பங்கீடு என்ற பொருள் ஏறியது.

இனி கணக்கு. ராயக்கோட்டை மண்டியில் ஒரே நாளில் ஐந்து விவசாயிகள் தக்காளி விற்றார்கள் என்று வைத்துக்கொள்வோம். ஒரு கிரேடு, அதாவது ஒரு பெட்டி, 200, 200, 230, 250, 620 ரூபாய். கூட்டினால் 1500; ஐந்தால் வகுத்தால் 300. இதுதான் கூட்டுச்சராசரி. ‘இன்றைக்குச் சராசரி விலை 300’ என்று ஒருவர் சொன்னால் பொய்யில்லை. ஆனால் ஐந்தில் நான்கு பேர் அந்த விலையைக் கண்ணால்கூடப் பார்க்கவில்லை. ஏறுவரிசையில் அடுக்கி நடுவில் நிற்கும் 230-ஐ எடுத்தால் அது இடைநிலை அளவு. அடிக்கடி வரும் 200 முகடு. 620-ஐ 6200 ஆக்கிப் பாருங்கள்: கூட்டுச்சராசரி 1416 ஆகிவிடும், மற்ற இரண்டும் அசையாது.

இன்னொன்றையும் கவனிக்க வேண்டும். முதல் நால்வரும் ஆளுக்கு 40 கிரேடு போட்டார்கள், 620-க்கு விற்றவர் கொண்டுவந்ததே 2 கிரேடு என்றால்? அப்போது மொத்தத் தொகை 36,440. மொத்தக் கிரேடு 162. விலை ஏறத்தாழ 225 ரூபாய்தான். இது நிறையிட்ட சராசரி. விலை நிலவரத்துக்கு இதைத்தான் சொல்ல வேண்டும் என்பேன். ஆளை எண்ணி வகுத்தோமா, சரக்கை எண்ணி வகுத்தோமா என்று சொல்லாத சராசரியை நம்பி யாரும் வண்டி ஏற்றக் கூடாது.

பேச்சுவழக்கில் ‘சராசரிப் பையன்’ என்றால் சுமாராகப் படிக்கிறவன். இந்தப் பொருள் கணக்கில் கிடையாது. கூட்டுச்சராசரி ஒரு வகுத்த எண், அவ்வளவே. அந்த மதிப்பெண் வாங்கிய பையன் வகுப்பில் ஒருவன்கூட இல்லாமல் இருக்கலாம்.

தனித்தமிழில் என்ன சொல்வது? ‘நிரவல்’ பொருத்தமான சொல். மேட்டு மண்ணைப் பள்ளத்தில் தள்ளி வயலை நிரவுகிறோமே, வகுத்தல் செய்வதும் அதேதான். மண்ணின் மொத்தம் மாறாது, மட்டம் ஒன்றாகிவிடும். ஆனாலும் இன்றைக்குப் பாடநூலில் இருக்கும் சராசரியைத் தூக்கிவிட்டு அதை வைக்க வேண்டும் என்று நான் வாதாட மாட்டேன். மண்டியிலும் வகுப்பிலும் ஒருசேரப் புரிகிற சொல்லை விரட்டுவானேன்?

முகடு அருமையான ஆக்கம். வரைபடத்தில் கூரை உச்சி போல எழும் இடம் அது, பெயரிலேயே தெரிகிறது. வீச்சும் அப்படியே: பெரியதிலிருந்து சிறியதைக் கழித்தால் வீச்சு, நம் மண்டிக்கணக்கில் 420. எண்கள் கூட்டுச்சராசரியைச் சுற்றி எவ்வளவு சிதறி நிற்கின்றன என்று காட்டும் திட்ட விலக்கம் மட்டும் கொஞ்சம் முரண்டு பிடிக்கும்; ‘திட்டம்’ என்றதும் ஐந்தாண்டுத் திட்டம்தான் நினைவுக்கு வருகிறது.

இலங்கைத் தமிழ் நூல்களைப் படிக்கிறவர்களுக்கு ஓர் எச்சரிக்கை. அங்கே கூட்டுச்சராசரிக்கு ‘இடை’, இடைநிலை அளவுக்கு ‘இடையம்’, முகட்டுக்கு ‘ஆகாரம்’, திட்ட விலக்கத்துக்கு ‘நியம விலகல்’. இடை என்று பார்த்ததும் நம் இடைநிலை என்று எண்ணிக் கணக்குப் போட்டால், மேலே சொன்ன 300-க்குப் பதில் 230 என்று எழுதி வைப்பீர்கள்.