டிஜிட்டல் ட்வின்: நகலா, இரட்டையா, இணையா?

டிஜிட்டல் ட்வின் என்றால் என்ன என்று கேட்டால் "கணினிக்குள் இருக்கும் முப்பரிமாண மாதிரி" என்பதுதான் வழக்கமாக வரும் பதில். பாதி சரி. ஆனால் தொழிற்சாலைக்காரர்கள் பணம் செலவழிப்பது மீதிப் பாதிக்காகத்தான்.

ஒரு பம்பை எடுத்துக்கொள்ளுங்கள். அதைக் கணினியில் வரைந்து வைத்தால் அது வெறும் மாதிரி. நிஜப் பம்ப் பழுதாகிக் கிடந்தாலும் திரையில் இருப்பது புத்தம்புதிதாகச் சுழன்றுகொண்டிருக்கும். அதே பம்பில் அதிர்வு, அழுத்தம், வெப்பம், மோட்டார் இழுக்கும் மின்சாரம் எல்லாவற்றையும் அளக்க சென்சார்களைப் பொருத்தி, அந்த அளவுகள் ஓயாமல் மாதிரிக்குள் போய்ச் சேர, மாதிரியும் அதற்கேற்பத் தன்னைத் திருத்திக்கொண்டே வந்து, சுழலும் தண்டைத் தாங்கும் பேரிங் தேயத் தொடங்கிவிட்டது என்று கண்டுபிடித்து வேகத்தைக் குறைக்கும் கட்டளையைப் பம்புக்குத் திருப்பி அனுப்புகிறது என்றால், அதுதான் ட்வின். அதுவும் இந்த ஒரு பம்புக்கு மட்டும். பக்கத்திலேயே அதே மாடலில் இன்னொன்று ஓடினால் அதற்குத் தனி ட்வின் வேண்டும், ஏனென்றால் இரண்டும் ஒரே மாதிரி தேய்வதில்லை.

2018-இல் வெர்னர் கிரிட்ஸிங்கரும் அவருடைய சக ஆய்வாளர்களும் இதை மூன்றாகப் பிரித்தார்கள். தகவல் தானாகப் போகவும் இல்லை வரவும் இல்லை என்றால் மாதிரி. இயந்திரத்திலிருந்து கணினிக்கு மட்டும் தானாக வந்தால் நிழல். இரண்டு பக்கமும் தானாகப் போய்வந்தால்தான் ட்வின். நிழல் என்ற பெயர் எனக்கு ரொம்பப் பிடிக்கும்: ஆள் நடந்தால் நிழலும் நடக்கும், ஆனால் நிழல் இழுத்து ஆள் நகர்ந்ததில்லை. சந்தையில் ட்வின் என்று விற்கப்படுவதில் நிறைய இந்த நிழல் வகைதான்.

சரி, பெயர் எங்கிருந்து வந்தது? கருத்தை 2002-இல் மிச்சிகன் பல்கலைக்கழகத்தில் முன்வைத்தவர் மைக்கேல் கிரீவ்ஸ். நிஜ வெளி, மெய்நிகர் வெளி, இரண்டுக்கும் நடுவே தகவல் போக்குவரத்து, இவ்வளவுதான் அவர் வரைந்த படம். அப்போது அதற்கு ட்வின் என்ற பெயரே இல்லை, கண்ணாடிப் பிரதிபலிப்பை வைத்துத்தான் பெயர் சூட்டியிருந்தார். டிஜிட்டல் ட்வின் என்ற தொடரை நாசாவின் ஜான் விக்கர்ஸ் கொடுத்ததாகச் சொல்வார்கள். 2010-இல் நாசாவின் தொழில்நுட்பத் திட்ட அறிக்கையில் அது இடம்பிடித்தது.

இதற்கு, நிலவை நோக்கிப் போன நாசாவின் அப்போலோ 13 விண்கலத்தை முன்னோடியாகக் காட்டுவதும் வழக்கம். 1970 ஏப்ரலில், பூமியிலிருந்து 3 லட்சம் கிலோமீட்டருக்கும் அப்பால் ஆக்சிஜன் தொட்டி வெடித்தபோது, தரையில் இருந்த பயிற்சி சிமுலேட்டர்களைப் பழுதான விண்கலத்தின் நிலைக்கு ஏற்ப மாற்றி, முக்கியமான படிகளை முதலில் அங்கே செய்துபார்த்துவிட்டுத்தான் விண்கலத்தில் இருந்தவர்களுக்குச் சொன்னார்கள். அதை ட்வின் என்று கூப்பிடுவது பின்னால் ஒட்டிய பெயர். ஆனாலும் உவமை பொருந்துகிறது, கைக்கு எட்டாத இடத்தில் இருக்கும் பொருளுக்கு என்ன ஆயிற்று என்று கைக்கு எட்டும் ஒன்றை வைத்துத் தெரிந்துகொண்டார்கள் அல்லவா.

தொழிலுக்கு இதனால் என்ன லாபம் என்றால், அதுவும் இந்தக் கை எட்டாத இடம்தான். விமான எஞ்சினின் டர்பைன் இலைகளைச் சுற்றி ஓடும் வாயுவின் வெப்பம் அந்த இலைகளின் உலோகமே உருகும் அளவைத் தாண்டியது, உள்ளே குளிர்காற்றைச் செலுத்தித்தான் காப்பாற்றுகிறார்கள். அங்கே சென்சார் வைத்தால் நிலைக்காது. ஆகவே வைக்க முடிந்த இடங்களில் அளந்து, வைக்க முடியாத இடத்தில் என்ன நடக்கிறது என்பதை மாதிரியை வைத்துக் கணக்கிடுகிறார்கள். ஒரே நாளில் தயாரான இரண்டு எஞ்சின்களில் ஒன்று தூசி மண்டிய தடத்திலும் மற்றது சுத்தமான காற்றிலும் பறந்தால் முதலாவது சீக்கிரம் தேயும். இத்தனை மணிநேரம் ஓடினால் பிரித்துப் பார் என்ற பழைய அட்டவணை இரண்டையும் ஒன்றாகவே நடத்தும். ட்வின் இருந்தால் தேய்ந்ததை முன்பே பிரிக்கலாம், நன்றாக ஓடுவதைத் தொந்தரவு செய்யாமல் விடலாம். ஓடுகிற ஆலையை நிறுத்தாமல் "இப்படி மாற்றினால் என்ன ஆகும்" என்று பார்த்துக்கொள்வது கூடுதல் வசதி.

எல்லாவற்றுக்கும் இது தேவையில்லை. கெட்டுப்போனால் கழற்றிவிட்டு வேறொன்றை மாட்டிக்கொள்ளும் சின்ன மோட்டாருக்கு ட்வின் செய்வது வீண்செலவு. அப்புறம், பம்பின் இம்பெல்லரை, அதாவது உள்ளே சுழன்று நீரைத் தள்ளும் சக்கரத்தை, மாற்றிவிட்டு மாதிரியில் அதைப் பதிய மறந்தால், அன்றிலிருந்து ட்வின் பொய் சொல்ல ஆரம்பிக்கும், அதுவும் துல்லியமான எண்களோடு.

இனி தமிழ்ச்சொல். டிஜிட்டல் என்பதன் வேர் லத்தீனில் விரலைக் குறிக்கும் டிஜிட்டஸ். விரல்விட்டு எண்ணியதால் விரலே எண்ணாயிற்று. நாமும் விரல்விட்டுத்தான் எண்ணினோம், ஆனால் நம் சொல் எண்ணிலிருந்து வந்தது: எண்ணிமம், எண்முறை. இலங்கையில் இலக்கமுறை, சிங்கப்பூரில் மின்னிலக்கம். எதுவானாலும் பாதகமில்லை, எனக்கு எண்ணிமம் சுருக்கமாக இருக்கிறது.

சிக்கல் ட்வினில்தான். நகல் என்றால் தவறு. உற்பத்தித் துறையில் டிஜிட்டல் ட்வினுக்கான சர்வதேசத் தரமான ஐஎஸ்ஓ 23247 கேட்பதே, நோக்கத்துக்குப் போதுமான உருவும் நிஜத்தோடு ஒத்திசைவும்தான். எல்லாவற்றையும் அப்படியே படியெடுக்கச் சொல்லவில்லை. இரட்டையர் என்று சிலர் எழுதுகிறார்கள், அது ஆட்களுக்கு உரிய சொல், பம்புக்கு எதற்கு உயர்திணை? இரட்டை பரவாயில்லை. ட்வினும் ஆங்கிலத்தில் இரண்டைக் குறிக்கும் சொல்லோடு உறவுடையதுதான், நம் இரட்டை இரண்டோடு நிற்பதுபோல. ஆனால் ட்வின் ஜோடியில் ஒன்றைச் சுட்டும், இரட்டை என்றால் ஜோடியே நினைவுக்கு வரும். இன்னொரு குறையும் உண்டு, அது ஆங்கிலத்திலும் இருக்கிறது: இரட்டைப் பிள்ளைகளில் ஒருவனுக்குக் காய்ச்சல் வந்தால் மற்றவனுக்கும் வந்தே ஆகவேண்டும் என்றில்லை, இங்கே வந்தே ஆகவேண்டும்.

அதனால் என் ஓட்டு இணைக்கு. ஜோடியில் ஒன்று என்ற பொருளும் அதில் இருக்கிறது, இணைத்தல் என்ற வினையும் இருக்கிறது. இணையத்தோடு குழம்புமே என்றால், கொஞ்சம் குழம்பும்தான், எண்ணிமத்தைச் சேர்த்தே எழுதினால் அவ்வளவாகக் குழம்பாது. "மூன்றாம் பம்பின் எண்ணிம இணை நேற்றிலிருந்து அதிர்வு கூடுவதாகக் காட்டுகிறது" என்று சொல்லிப் பாருங்கள். கேட்டவர் நேராக மூன்றாம் பம்பிடம்தான் போவார்.